படித்தவர்கள் யாராவது உண்டா?

கத்தரிக்காய் வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? காம்பைப் பார்க்கிறோம், திருப்பித் திருப்பிப் பார்த்துப் பூச்சி ஓட்டை இருக்கிறதா என்று சோதிக்கிறோம். புடவை என்றால் கேட்கவே வேண்டாம். முந்தானையைப் பிரித்துப் பார்த்து, சாயம் போகுமா என்று விசாரித்து, பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாத அம்மாளிடம், "இந்தக் கலர் எனக்கு எடுக்குமா, பாருங்களேன்!" என்று அபிப்பிராயமும் கேட்டுவிடுகிறோம். புத்தகத்துக்கு மட்டும் அட்டையைப் பார்த்துவிட்டுப் பணத்தை நீட்டிவிடுகிறோம். பூச்சி ஓட்டை நூறாவது பக்கத்தில்தான் தெரிய வருகிறது!

"அதனாலதான் சொல்றேன். படிச்சவங்க யாரையாவது கேட்டுட்டு அப்புறம் வாங்கு" என்றாள் என் தாயார்.

அம்மா இப்படி எச்சரிக்கையாகிவிட்டதற்குக் காரணம் இருக்கிறது. அவளுக்கு வயது அறுபத்தெட்டு. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து வருகிறது என்று சென்ற வருஷம் கண் டாக்டர் சொன்னார். "படிக்கிறதால கண் கெட்டுப் போகாது, பயப்படாதீங்க. நல்ல வெளிச்சத்துல, பூதக்கண்ணாடி வெச்சுக்கிட்டுப் படிங்க. அசந்து போனா நிறுத்திடுங்க" என்றும் சொன்னார். அந்த அசதி அரை மணியில் வந்துவிடுகிறது. அரை மணிக்குப் பத்துப் பக்கம். முந்நூறு பக்கப் புத்தகம் என்றால் ஒரு மாதம்.

ஒரு காலத்தில் அடுப்பில் சாதம் குழைந்து போவது கூடத் தெரியாமல் ஒரே மத்தியானத்தில் ஒரு நாவலை முடித்தவள் அவள். இப்போது விரலை மடக்கிக் கணக்குப் போடுகிறாள். "வருஷத்துக்குப் பன்னிரண்டு புஸ்தகம். இன்னும் எத்தனை வருஷம் இந்தக் கண்ணு கூட வருமோ தெரியாது. அதுல ஒண்ணு அறுவையாப் போச்சுன்னா, ஒரு மாசம் போச்சு!"

ஒலிப் புத்தகம் கேட்கலாமே என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "கண்ணு இருக்கிற வரைக்கும் கண்ணால படிக்கிறேன். காது எங்கேயும் போயிடாது" என்று பதில் வந்தது.

தினசரிக் காலண்டர் தாள் ஒன்றின் பின்புறம் மூன்று பெயர்களை எழுதி என்னிடம் கொடுத்தாள். முதலாவது, ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்'. இரண்டாவது, கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்'. மூன்றாவது பெயர் எழுதப்பட்டு, அடிக்கப்பட்டு, மறுபடியும் பக்கத்திலேயே எழுதப்பட்டிருந்தது. தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்'.

"இது என்னம்மா, அடிச்சு அடிச்சு எழுதியிருக்கே?"

"அது… இருக்கட்டும். அதையும் கேட்டு வை" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

ஆபீஸில் ஆசிரியரிடம் இந்தச் சமாசாரத்தைச் சொன்னேன். "ஊரைச் சுற்றிக் கேட்டுக்கொண்டு வாருங்களேன். வரும்போது கட்டுரையையும் கொண்டு வந்துவிடுங்கள்!" என்று சொல்லி, துணைக்கு ஓவியரையும் அனுப்பிவைத்தார். நம் ஓவியருக்குப் புத்தகம் என்றால் உயிர். ஆனால் படம் இருக்கும் பக்கங்களை மட்டுமே பார்ப்பார்!

எழும்பூரில் ஒரு வாத்தியார்

சனிக்கிழமை காலை மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கினோம். பாந்தியன் சாலையில், மியூசியத்தின் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது கன்னிமரா நூலகம். சிறு வயதில் அந்தப் பெயரைக் கேட்டு, கன்னி மரத்தின் கீழ் குடியிருக்கும் ஏதோ தேவதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தேவதை அல்ல, கன்னிமரா பிரபு என்னும் கவர்னர்! அவர் காலத்தில், 1890-இல் அடிக்கல் நாட்டி, 1896 டிசம்பரில் திறந்தார்கள். கட்டடத்தைத் திட்டமிட்டவர் ஹென்றி இர்வின் என்ற கட்டடக் கலைஞர். உயர்ந்த வளைவுகள், வர்ணக் கண்ணாடிகள், தேக்கு மர வேலைப்பாடு… ஓவியர் அங்கேயே உட்கார்ந்து பென்சிலை எடுத்துவிட்டார். நான் மட்டும் வாசகர்கள் உட்காரும் பக்கம் போனேன்.

1954-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி இங்கே வந்து சேர வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. நாட்டிலேயே நான்கு நூல் நிலையங்களுக்குத்தான் இந்தப் பாக்கியம். நினைத்துப் பாருங்கள்! வருஷத்துக்குப் பன்னிரண்டு புத்தகம் படிக்கக் கூடிய ஒரு தாயாருக்காக, இந்தச் சமுத்திரத்தில் எதை அள்ளுவது?

ஜன்னலோரத்தில் ஒரு பெரியவர். வெள்ளை வேட்டி, இரட்டைக் கண்ணாடி, மடியில் ஒரு நோட்டுப் புத்தகம். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பல வருஷங்களாக வாரத்தில் நாலு நாள் வருகிறாராம். "ஐயா, 'கரிப்பு மணிகள்' நல்லா இருக்குமா?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"யாருக்கு?"

"அம்மாவுக்கு."

"கடைசியா எதைப் படிச்சு சந்தோஷப்பட்டாங்க?"

சொன்னேன்.

"எந்த நேரத்துல படிப்பாங்க?"

"ராத்திரி, படுக்கப் போறதுக்கு முன்னால."

"அப்படின்னா ஒண்ணு சொல்லிடறேன். தூத்துக்குடி உப்பளத்துல வேலை செய்யறவங்க கதை அது. எழுதின அம்மா அந்த ஊருக்கே போய், அந்த ஜனங்களோட பழகிட்டு வந்து எழுதினாங்க. 1979-லே வந்த புஸ்தகம். நல்லா இருக்குமான்னு கேட்டா, நல்லா இருக்கும். ஆனா படிச்சிட்டு உடனே தூக்கம் வராது. காலை வெளிச்சத்துல படிக்கச் சொல்லுங்க. அதைப் படிச்ச பிறகு, உப்பு விலையைப் பத்தி நான் கடைக்காரனோட பேரம் பேசினதே இல்லை."

பேசுகிற பேச்சில் எஸ்.ஆர். ரங்கநாதனைப் பற்றிய பேச்சும் வந்தது. சீர்காழியில் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் நூலகரானவர். 1931-இல் அவர் புத்தகமாக வெளியிட்ட ஐந்து விதிகளைத்தான் இன்றைக்கும் உலகம் முழுவதும் நூலகப் படிப்பில் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்த ஐந்தில் இரண்டு, வாசகருக்கும் புத்தகத்துக்கும் ஜோடி சேர்த்து வைக்கும் காரியத்தைப் பற்றியவை. இன்னொன்று, வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதைப் பற்றியது. "ஜாதகம் பார்க்காம கல்யாணம் பண்ணுவோமா? புஸ்தகத்துக்கு மட்டும் ஒரு பக்கத்து ஜாதகம் போதும்னு நினைக்கிறாங்க. படிக்கிறவங்க ஜாதகமும் வேணுமில்லையா?" என்றார் வாத்தியார்.

அதே 1931-இல், மன்னார்குடியில் ஒரு மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார்கள். நடமாடும் நூலகம்! அம்மாவுக்கு அந்தப் பக்கம்தான். வண்டி வந்த நாளில், "போன தடவை நீ எடுத்தது எப்படி இருந்தது?" என்று திண்ணைக்குத் திண்ணை விசாரித்துவிட்டுத்தான் அடுத்த புத்தகத்தில் கை வைப்பார்களாம், அம்மாவுக்கு அவள் பாட்டி சொன்ன கதை. அம்மாவின் குணம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

கைரேகை ஜோசியம்

வெளியே வந்து ஆட்டோ பிடித்தோம். சென்ட்ரல் பக்கமாகப் போகும்போது ஓவியர் பெருமூச்சு விட்டார். அந்த இடத்தில்தான் மூர் மார்க்கெட் இருந்தது. 1900-இல் திறந்த சிவப்புக் கட்டடம்; பழைய புத்தகம் என்றால் சென்னைவாசிகளின் கால் தானாக அங்கேதான் நடக்கும். 1985 மே மாதம் தீப்பிடித்து எரிந்து போயிற்று. இப்போது புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. அந்த நெருப்பு மூண்டபோது நான் பிறக்கவே இல்லை. ஆனாலும் அம்மா சொல்லிச் சொல்லி, அதன் பழைய காகித வாசனை எனக்கும் தெரியும் போல் ஒரு பிரமை!

திருவல்லிக்கேணி பாரதி சாலையில் இறங்கினோம். பழைய பெயர் பைகிராப்ட்ஸ் ரோடு. பிளாட்பாரத்தில் ஆள் உயரத்துக்குப் புத்தகங்கள். எஞ்சினீரிங் பாடப் புத்தகத்தின் மேல் சமையல் குறிப்பு. சமையல் குறிப்பின் மேல் துப்பறியும் நாவல். கடைக்காரர் ஒரு முக்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இந்த நாவல் எப்படிங்க இருக்கும்?" என்று கையில் அகப்பட்ட ஒன்றைக் காட்டினேன்.

"நான் படிக்கிறதில்லீங்க. ஆனா சொல்றேன், கொடுங்க" என்று வாங்கினார். அட்டையைப் பார்க்கவில்லை. புத்தகத்தை மூடி, பக்கங்களின் ஓரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். "பாருங்க! இது வரைக்கும் அழுக்கா இருக்கு. இதுக்கு அப்புறம் வெள்ளை வெளேர்னு இருக்கு. படிச்சவங்க இந்த இடத்தோட நிறுத்திட்டாங்க."

பிரித்துப் பார்த்தேன். நாற்பத்திரண்டாம் பக்கம் வரை மஞ்சள் பட்ட விரல் அடையாளங்கள் இருந்தன. நாற்பத்து மூன்றிலிருந்து கன்னி கழியாத காகிதம்!

இன்னொன்றை எடுத்தார். அதன் முதுகு உடைந்து, அட்டை கிழிந்து, கோந்து போட்டு ஒட்டியிருந்தது. ஓரம் முழுதும் ஒரே அழுக்கு. "இது ஆறேழு கை மாறி வந்திருக்கு. கடைசிப் பக்கம் வரைக்கும் கை பட்டிருக்கு. இதை தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்றார்.

என்ன ஆச்சரியம்! இதுவும் படித்தவர்கள் சொல்லும் அபிப்பிராயம்தானே? வாய் திறக்காமல் சொல்கிறார்கள். அதனால் பொய் சொல்ல வழியில்லை. வீட்டிலும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். அலமாரியில் அழகாக இருக்கிற புத்தகங்களின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நம்முடைய வண்டவாளமும் தெரிந்துவிடும்!

'கோபல்ல கிராமம்' பற்றிக் கேட்டேன். 1976-இல் வெளிவந்த நாவல். கரிசல் காட்டில் வந்து குடியேறிய ஜனங்களின் கதை. கடைக்காரர் தலையை ஆட்டினார். "அது இங்கே நிக்காதும்மா. கேக்கறவங்க நிறைய. கொண்டுவந்து விக்கறவங்க கம்மி. அதுக்கு மேல என்ன சொல்லணும்?"

மேலே சொல்ல ஒன்றும் இல்லைதான். காலண்டர் தாளில் இரண்டாவது பெயருக்கும் 'சரி' போட்டேன்.

நந்தனத்தில் மூன்று கட்சி

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தை மாதம் அல்லவா? நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் கண்காட்சி. 1977-இல் அண்ணா சாலையில் மதரஸா-இ-ஆஜம் பள்ளியில் சிறிதாகத் தொடங்கிய கண்காட்சி, இடம் மாறி மாறி, இப்போது சில வருஷங்களாக இங்கே நடக்கிறது. வரிசை வரிசையாகக் கூடாரக் கடைகள். ஒரு வரிசை முடிவதற்குள் கால் வலிக்கிறது. வெளியே டெல்லி அப்பளத்துக்கு நிற்கும் கூட்டம், உள்ளே கவிதைக்கு நிற்கும் கூட்டத்தைவிட அதிகம் என்று ஓவியர் கணக்கெடுத்துச் சொன்னார். அவர் எந்தக் கூட்டத்தில் நின்று கணக்கெடுத்தார் என்பதை அவர் சட்டையில் இருந்த மிளகாய்ப் பொடி சொல்லிற்று!

'அம்மா வந்தாள்' புதுப் பதிப்பு கிடைத்தது. கையில் எடுத்துக்கொண்டு, "இதைப் படிச்சவங்க யாராவது இருக்கீங்களா?" என்று சற்று உரக்கவே கேட்டுவிட்டேன். "நான் எம்.ஏ. வரைக்கும் படிச்சிருக்கேன்" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர், மிக்க மரியாதையுடன்!

பிறகு மூன்று பேர் அகப்பட்டார்கள்.

முதலில் ஒரு கல்லூரி மாணவி. "அக்கா, எங்க ஹாஸ்டல்ல இதை வெச்சுப் பெரிய சண்டையே நடந்துச்சு. அந்த அம்மா செஞ்சது சரின்னு ஒரு கட்சி, தப்புன்னு ஒரு கட்சி. நான் ரெண்டு கட்சியிலயும் இருந்தேன்!" என்று சிரித்தாள்.

அடுத்து ஒரு நடுத்தர வயது அம்மாள். கைப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, குரலைத் தணித்தார். "வேண்டாம்மா. நான் பாதியிலேயே மூடி வெச்சுட்டேன். மனசு ஒப்பலை. அதுவும் அம்மாவுக்கா வாங்கறே? வேறே எவ்வளவோ நல்ல புஸ்தகம் இருக்கே!"

மூன்றாமவர் தஞ்சாவூர்க்காரர், பேச்சிலேயே தெரிந்தது. "கதையை விடுங்க. அந்தக் காவேரிக் கரைக்காகவே படிக்கலாம். பட்டணத்துல குழாய்த் தண்ணியில குளிச்சுக்கிட்டு இருக்கிறவனுக்கு அது போதாதா?" என்றார்.

பாருங்கள்! ஒரே புத்தகம். ஒருவருக்கு வாதப் பிரதிவாதம், ஒருவருக்கு மனக்கசப்பு, ஒருவருக்கு ஆற்று ஸ்நானம். இதில் யார் சொல்வது பொய்? ஒருவரும் இல்லை. புத்தகத்தோடு சேர்த்து அவரவர் தங்களையும் கொஞ்சம் சொன்னார்கள். அவ்வளவுதான்.

1966-இல் அது வெளிவந்தபோதே பலத்த சர்ச்சை கிளம்பியது. 1972-இல் ஆங்கிலத்தில் வந்தபோது, தலைப்பிலேயே அம்மாவின் 'பாவங்கள்' என்று தீர்ப்பை எழுதி ஒட்டிவிட்டார்கள். படிப்பதற்கு முன்னாலேயே தீர்ப்பு! கதை இன்னது என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடுவேன்.

புத்தகத்தை வாங்கலாமா என்று அம்மாவுக்கு டெலிபோன் செய்தேன். மூன்று பேர் சொன்னதையும் அப்படியே ஒப்பித்தேன். மறுமுனையில் சற்று நேரம் மௌனம்.

"வாங்காதே. நம்ம வாடகை லைப்ரரியில இருக்கும். முதல்ல அதை எடுத்துட்டு வா. பிடிச்சா அப்புறம் வாங்கிக்கலாம்" என்றாள். அதற்கப்புறம், "அந்தப் பொம்பளை பாதியில மூடிட்டேன்னு சொன்னாளே… பாதி வரைக்குமாவது படிச்சிருக்கா. நான் அட்டையைக் கூடத் திறக்கலை" என்றாள்.

அப்போதுதான் அந்தப் பழைய கதை வெளியே வந்தது.

1981. அம்மா கல்யாணமாகி மாம்பலத்துக்கு வந்து மூன்று வருஷம். எதிர்வீட்டில் ஓர் அக்கா. அம்மாவைவிட ஒரு மாமாங்கம் மூத்தவர். தெருவிலேயே அதிகம் படித்தவர் அவர்தான் என்று பேர். எந்தப் புத்தகமானாலும் அம்மா முதலில் அவரிடம் கேட்பாள். அவர் தலையசைத்தால்தான் எடுப்பாள். 'அம்மா வந்தாள்' பற்றியும் கேட்டாள். "அது வேண்டாம். குடும்பப் பெண் கையில இருக்க வேண்டிய புஸ்தகம் இல்லை அது" என்று ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார் அக்கா. அம்மா எடுக்கவில்லை. அடுத்த மாதமும் எடுக்கவில்லை. அப்படியே நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடிப் போயிற்று.

இருபத்தைந்தாம் பக்கம்

எங்கள் பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்த வாடகை நூல் நிலையம். இந்த மாதிரிக் கடைகள் ஒரு காலத்தில் தெருவுக்கு ஒன்று இருந்தன. பால் பூத்துக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்துவிட்டு, முந்தானைக்குள் ஒரு நாவலை மறைத்துக்கொண்டு வருகிற பெண்மணிகளை நம்பியே நடந்தன. இப்போது எண்ணிக்கை அருகிவிட்டது. வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து, காலிகோ ஒட்டிப் பைண்டு செய்த தொகுதிகளும் அங்கே இருந்தன. நடு நடுவே ஹேர் ஆயில் விளம்பரம் வரும்!

வாடகை நூலின் பெரிய சுவாரஸ்யம், உள்ளே பென்சிலால் எழுதியிருக்கும் அபிப்பிராயங்கள்தாம். நான் புரட்டிய முதல் புத்தகத்தில், 'சுமார்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதன் கீழே, 'சுமார் இல்லை, சூப்பர்' என்று வேறொரு கையெழுத்து. அதற்கும் கீழே, 'இரண்டு பேருக்கும் ரசனை இல்லை' என்று மூன்றாமவர்! இன்னொரு பரோபகாரி, ஒரு துப்பறியும் நாவலின் முதல் பக்கத்திலேயே, 'கொலை செய்தது டாக்டர்' என்று எழுதி வைத்திருந்தார். அவருக்கு என்ன தண்டனை கொடுக்கலாம் என்று ஓவியர் வெகு நேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.

எழுத்து இல்லாத குறிகளும் உண்டு. இது நம் பெண் வாசகர்களுக்குத் தெரிந்த ரகசியம். படித்த புத்தகத்தையே மறுபடி எடுத்து வாடகையை வீணாக்காமலிருக்க, ஒவ்வொருவரும் ஒரு குறிப்பிட்ட பக்கத்தில் தங்கள் அடையாளத்தைப் போட்டு வைப்பார்கள். ஒருவருக்குச் சின்ன வட்டம், ஒருவருக்கு நட்சத்திரம். ஒரே மாதிரி ருசி உள்ளவரின் குறி எது என்று தெரிந்துகொண்டால் போதும். வேறு சிபாரிசே வேண்டாம்!

உள் அலமாரியின் அடித்தட்டில் 'அம்மா வந்தாள்' கிடைத்தது. பழைய பதிப்பு. ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அழுக்கு!

வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அம்மா பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு விளக்கடியில் உட்கார்ந்தாள். முதல் பக்கத்தைத் திறக்கவில்லை. நேரே இருபத்தைந்தாம் பக்கத்துக்குப் போனாள். அது எங்கள் தெருப் பெண்களின் பக்கமாம். கீழ் மூலையில் மங்கிப்போன ஊதா மசியில் ஐந்து இதழ்ப் பூ ஒன்று, ஒரே ஒரு இலையோடு.

அம்மா பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

"அக்காவோட பூ" என்றாள்.

சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே எதிர் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்வீடு இருந்த இடத்தில் இப்போது நாலு மாடிக் கட்டடம் நிற்கிறது. அக்கா கோயம்புத்தூரில் மகனோடு இருக்கிறார், எண்பது வயது. பொங்கலுக்குப் பொங்கல் டெலிபோனில் பேசிக்கொள்வார்கள்.

பொங்கல் போய்ப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஆனாலும் அன்றிரவே அம்மா பேசினாள். க்ஷேமலாபம் விசாரித்துவிட்டு, சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டாள்: "அக்கா, 'அம்மா வந்தாள்' படிச்சிருக்கீங்களா?"

அக்காவுக்குக் காது சற்று மந்தம். அதனால் இரண்டு பக்கத்துப் பேச்சும் எனக்குக் கேட்டது.

"படிக்காம என்ன? ரெண்டு தடவை படிச்சேன். ஏன்?"

"என்னைப் படிக்க வேண்டாம்னு சொன்னீங்களே அக்கா?"

"சொன்னேனா?" என்றார் அவர். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "சொல்லியிருப்பேன். உன் மாமியார் எப்படிப்பட்டவங்கன்னு எனக்குத் தெரியாதா? தொடர்கதை படிச்சதுக்கே ரெண்டு நாள் உன்னோட பேசாம இருந்தாங்களே! அந்தப் புஸ்தகத்தை உன் கையில பார்த்திருந்தா வீட்டுல ரகளையே ஆகியிருக்கும். அதுக்காகத்தான் சொன்னேன். புஸ்தகத்தை நான் ஏன் குறை சொல்றேன்? அப்படி எழுத ஆள் ஏது?" என்றார்.

அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுப் பேசினாள். குரலில் கோபம் இல்லை. "நீங்க என் நன்மைக்குத்தான் சொன்னீங்க அக்கா. ஆனா, 'புஸ்தகம் நல்லது, உன் வீட்டுக்கு இப்போ ஆகாது'ன்னு சொல்லியிருக்கலாமே. எப்போ படிக்கிறதுன்னு நானே பார்த்துக்கிட்டிருப்பேன். மாமியார் போய் இருபது வருஷம் ஆச்சு. அப்பவே படிச்சிருப்பேன். கண்ணும் நல்லா இருந்துது."

"வாஸ்தவம்தான்" என்றார் அக்கா. "நான் இப்படியெல்லாம் நினைச்சுப் பார்க்கலைம்மா."

டெலிபோனை வைத்த பிறகு எனக்கு அந்த எழும்பூர் வாத்தியார் ஞாபகம் வந்தது. அக்காவும் அவரைப் போல்தான், படிக்கப் போகிறவர் யார் என்று பார்த்தே பதில் சொன்னார். ஆனால் வாத்தியார் காரணத்தையும் சேர்த்துச் சொன்னார். 'நல்ல புத்தகம், இன்ன காரணத்தால் காலையில் படிக்கச் சொல்லுங்கள்' என்றார். முடிவை அம்மாவிடமே விட்டுவிட்டார். அக்கா முடிவை மட்டும் கொடுத்துவிட்டுக் காரணத்தைத் தாமே வைத்துக்கொண்டார். அன்பினால்தான் அப்படிச் செய்தார். ஆனாலும் அந்த அன்பில் ஒரு புத்தகம் நாற்பது வருஷம் காணாமல் போயிற்று.

கேட்கிற நம்மிடமும் தப்பு இருக்கிறது. "நல்லா இருக்கா?" என்று ஒரே கேள்வியோடு நிறுத்திவிடுகிறோம். "உங்களுக்கு ஏன் பிடித்தது? எந்த இடத்தில் பிடிக்காமல் போயிற்று? யாரைப் படிக்கச் சொல்வீர்கள்?" என்று இன்னும் இரண்டு கேள்வி கேட்க என்ன செலவு? அம்மா அன்றைக்கு, "ஏன் அக்கா வேண்டாம்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அக்கா சொல்லியிருப்பார்.

மறுநாள் ராத்திரி அம்மா முதல் பக்கத்தைத் திறந்தாள். தினம் பத்துப் பக்கம். நடுவில் இரண்டு நாள் கண் வலி என்று விட்டுவிட்டாள். ஒரு நாள், களைப்பு வந்த பிறகும் விளக்கை அணைக்க மாட்டேன் என்று அடம் பிடித்தாள். மூன்று வாரம் கழித்து ஒரு காலையில், மேஜை மேல் புத்தகம் மூடிக் கிடந்தது.

"எப்படிம்மா இருந்தது?" என்று கேட்டேன்.

அம்மா காப்பியை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து, நிறுத்திக்கொண்டாள். "உனக்கு எப்போ லீவு?" என்றாள்.

"ஏன்?"

"ரெண்டு நாள் போதும். நீ படிச்சுட்டு வா. எனக்கு உன்னோட பேசணும்."

நூல் நிலையத்தில் திருப்பிக் கொடுப்பதற்கு முன் நான் இருபத்தைந்தாம் பக்கத்தைப் பார்த்தேன். ஊதாப் பூவுக்குப் பக்கத்தில், நடுங்கிய கையால் போட்ட நாலு புள்ளிக் கோலம் ஒன்று புதிதாக இருந்தது.

அடுத்த மாதம் அம்மா 'கோபல்ல கிராமம்' தொடங்கப் போகிறாள். நேயர்களில் அதைப் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பீர்கள். உங்களுக்குப் பிடித்ததா, பிடிக்கவில்லையா, ஏன் என்று நாலு வரி எழுதிப் போடுங்கள். அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறேன். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருந்தால் அவளே படித்துக்கொள்வாள். முடிவை மட்டும் எழுதிவிடாதீர்கள்!